எரியாமல் பூசுவது எப்படி: கண்டி வெயிலில் ரெட்டினோயிட் பாவிப்போருக்கு ஒரு வழிகாட்டி

ரெட்டினோயிட் வகை மருந்தான ட்ரெடினோயினைப் பூசினால் முகம் உரியவேண்டும், உரிந்தால்தான் மருந்து பிடித்திருக்கிறது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 0.025 வீதக் கிரீமில் உரியவில்லை என்றால் 0.05க்குப் போகிறார்கள், அதிலும் திருப்தி இல்லாவிட்டால் 0.1க்கு. வெள்ளைத் தோலில் இந்த அவசரம் சில வாரச் சிவப்போடு தீர்ந்துபோகலாம். மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தீராது. எரிந்து சிவந்த இடம் ஆறிய பிறகு கருமை படியும். அது மறைய மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பருவின் அடையாளத்தைப் போக்கப் பூசிய மருந்தே புதிய அடையாளத்தைப் போட்டுவிடும். அதனால் ஆண்டுக்கணக்கில் பூசப்போகிறவர் எந்தத் தெரிவைச் செய்யும்போதும் முதலில் பார்க்கவேண்டியது, இது என் முகத்தை எரிக்காமல் இரண்டு வருடம் தாங்குமா என்பதைத்தான்.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. வெயிலால் முதிர்ந்த முகங்களில் 0.025, 0.1 என்ற இரண்டு அளவுகளையும் 48 வாரம் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1995இல் வெளிவந்தது. முன்னேற்றம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே, எரிச்சல்தான் 0.1இல் கூடுதல். கறுப்பினத்தவரின் முகத்தில் பருவும் காயமும் விட்டுப்போன கருமைக்கு ட்ரெடினோயினைச் சோதித்த 1993ஆம் ஆண்டு ஆய்வு 40 வாரம் நடந்தது. கருமை குறைந்தது உண்மை. மருந்தாலேயே தோல் அழற்சி வந்தவர்களும் அதில் கணிசம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கான பாதை தெளிவு: குறைந்த அளவில் தொடங்கி, நீண்ட காலம் விடாமல் பூசுவது.

எந்த மருந்து, எந்த வடிவம்

ட்ரெடினோயின் 1971இல் அமெரிக்காவில் பருவுக்கு அனுமதி பெற்றது. அடாபலீன் 1996இல் வந்தது. பருதான் உங்கள் முதல் பிரச்சினை என்றால் என் தெரிவு 0.1 வீத அடாபலீன். எரிச்சல் குறைவு, வெளிச்சத்தில் சிதையாது, பென்சோயில் பெரொக்சைட்டோடு சேர்த்தும் பாவிக்கலாம். சாதாரண ட்ரெடினோயினை அப்படிச் சேர்த்துப் பூசினால் அதன் வலு போய்விடும், வெளிச்சத்திலும் கெட்டுப்போகும். அதை இரவில் பூசச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுருக்கம், வெயில் முதிர்ச்சி, சொரசொரப்பு ஆகியவற்றுக்கு அதிக காலம் ஆராயப்பட்ட மருந்து ட்ரெடினோயின்தான், அங்கே அதையே தேர்ந்தெடுக்கலாம். டசரோட்டீன் இவை இரண்டையும்விடக் கடுமையானது. நிபுணர் அருகில் இருந்து கவனிக்காவிட்டால் முகத்துக்கு அது வேண்டாம்.

கிரீமா ஜெல்லா என்ற கேள்விக்கு ஊரும் மாதமும் பதில் சொல்லும். மே முதல் நவம்பர் வரை கண்டி நகரில் காற்று ஈரமாக இருக்கும். எண்ணெய் வழியும் இளம் முகத்துக்கு அப்போது ஜெல் ஒத்துவரும். தை, மாசி மாதங்களில் ஹந்தானை, கலஹா, புசல்லாவைப் பக்கம் இரவு குளிரும், பகலில் வறண்ட காற்று வீசும். ஜெல்கள் சிலவற்றில் அற்ககோல் இருப்பதால் அந்த மாதங்களில் அதே முகம் வெடிக்கத் தொடங்கலாம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் வருடம் முழுவதும் கிரீமோடு இருப்பதே நல்லது.

உரியத் தொடங்கினால்

முதல் இரண்டு முதல் ஆறு வாரங்களில் மூக்கின் ஓரத்திலும் வாயின் மூலையிலும் தோல் மெல்லிய செதிலாக எழும். ஏற்கெனவே உள்ளே இருந்த பருக்கள் ஒன்றாக வெளிவரவும் கூடும். இங்கேதான் பலர் டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள். பருவில் நல்ல மாற்றம் தெரியப் பன்னிரண்டு வாரமும், வெயில் முதிர்ச்சிக்கு ஆறு மாதத்துக்கு மேலும் பிடிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தால் இந்த இடத்தைக் கடந்துவிடலாம்.

கடக்க வழிகள் பல. எனக்கு நம்பிக்கை தருவது நாள் இடைவெளி விடுவது: மூன்று இரவுக்கு ஒருமுறை தொடங்கி, இரண்டு வாரம் எரியாமல் போனால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு, பிறகு முடிந்தால் தினமும். முடியாவிட்டால் வாரத்துக்கு மூன்று இரவோடு நின்றாலும் பலன் உண்டு. இரண்டாவது வழி, முதலில் ஈரப்பதக் கிரீமைப் பூசிப் பத்து நிமிடம் கழித்து மருந்தைப் பூசுவது. மருந்துக்குக் கீழும் மேலும் கிரீம் பூசினால் எரிச்சல் இன்னும் அடங்கும், மருந்தின் வேகமும் அதோடு குறையும். தோல் மிக மென்மையானவர்களுக்கு மூன்றாவது வழி: அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கழுவுவது.

எந்த வழியானாலும் அளவில் தவறக்கூடாது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். அதை நெற்றி, இரு கன்னம், மூக்கு, நாடி என ஐந்து புள்ளிகளாக வைத்து, கழுவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லத் தடவவேண்டும். ஈர முகத்தில் பூசினால் எரிச்சல் கூடும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு மூலை ஆகிய இடங்களில் முதலே வெள்ளை வாஸ்லினை ஒற்றிவிட்டால் மருந்து அங்கே ஓடிச் சேராது. பருவின் மேல் மட்டும் தடித்துப் பூசுவது வீண். அந்த இடம் கறுப்பதற்கே அது உதவும்.

நீர் கசிதல், வீக்கம், இமை எரிச்சல் இருந்தால் மேற்சொன்ன எதுவும் வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள்.

ஈரப்பதத்துக்கு விலை உயர்ந்த சாடி தேவையில்லை. கிளிசரின் அல்லது செரமைட் உள்ள, வாசனை சேர்க்காத கிரீம் போதும். தேங்காய் எண்ணெய் கைகால் வறட்சிக்கு நல்லது, பரு வரும் முகத்தில் துவாரத்தை அடைக்கும். அக்குவஸ் கிரீமைக் கழுவுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். அதன் பழைய செய்முறையில் சவர்க்காரத் தன்மையுள்ள சோடியம் லோரில் சல்பேட் இருப்பதால் பூசி விடுவதற்கு அது உகந்ததல்ல. வெனிவெல், வேம்பு சேர்த்த சவர்க்காரங்கள், தேசிக்காய்ச் சாறு, சொரசொரப்பான ஸ்கிரப் எல்லாவற்றையும் மருந்து பூசும் காலத்தில் முகத்திலிருந்து தள்ளிவையுங்கள். கல்யாணத்துக்கு முன் அழகு நிலையத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும்: ரெட்டினோயிட் பூசும் முகத்தில் மெழுகு வைத்து முடி பிடுங்கினால் மேல்தோலும் சேர்ந்து வரும். நூலால் எடுப்பதானாலும் மருந்தைச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இந்த ஒரு விஷயத்தால் கறுத்துப்போன மேலுதடுகளை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தோல் மெலிந்துவிடுமா

நீண்ட நாள் பூசுகிறவர்களின் பெரிய பயம் இது. பயம் நியாயமானது, ஆனால் அது வேறு மருந்துக்கு உரியது. ரெட்டினோயிட் மேலே உள்ள இறந்த படலத்தைத் தொடக்கத்தில் இறுக்கி மெலியச் செய்யும். அதன் கீழுள்ள உயிருள்ள மேல்தோலைத் தடிப்பாக்கும், மாதங்கள் போகப்போக இன்னும் ஆழத்தில் கொலாஜனைக் கூட்டும். தோலை உண்மையிலேயே மெலியவைப்பது ஸ்டீரொயிட்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இரண்டும் ஒரே டியூபில் கிடைப்பதுதான். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினோயின், ஸ்டீரொயிட் மூன்றையும் கலக்கும் முறையை அல்பர்ட் கிளிக்மனும் அவருடைய சகாவும் 1975இல் முன்வைத்தார்கள். மங்கு எனப்படும் கன்னக் கருமைக்கு வைத்தியர் கண்காணிப்பில் சில வாரங்கள் பூச அது நல்ல மருந்து. அதே வகைக் கலவைகள் வெளுக்கிற கிரீமாகக் கைமாறி, மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் பூசப்படும்போது முகம் பாழாகிறது. முதல் மாதம் பளபளப்பாக இருக்கும். பிறகு கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரியும், பூனைமுடி வளரும், வாயைச் சுற்றிப் பரு எழும், ஒருநாள் பூசாவிட்டாலும் முகம் கொதிக்கும். இந்த அறிகுறிகள் இருந்தால் நீங்கள் பாவிப்பதில் ஸ்டீரொயிட் இருக்கலாம். திடீரென்று நிறுத்தாமல், டியூபைக் கையோடு கொண்டுபோய்த் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள்.

பெயர்ச்சீட்டில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், புளுவோசினோலோன் என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. பெயர்ச்சீட்டே இல்லாத சாடிக் கிரீமை வாங்கவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் பாதரசமும் இருக்கக்கூடும். இலங்கையில் மருந்துகளைப் பதிவுசெய்வது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. அதன் பதிவோடு வரும் டியூபை, துண்டுச்சீட்டோடு மருந்தகத்தில் வாங்குவதே பாதுகாப்பு.

கண்டி வெயில்

குளிர்ச்சியான ஊர் என்ற எண்ணம் இங்கே முகத்துக்குத் தீங்கு செய்கிறது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை வருடப் பிறப்புக்குச் சில நாள் முன்னும் செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். உடல் குளிர்ந்திருந்தாலும் புற ஊதாக் கதிர் குறையாது, மெல்லிய முகிலையும் அது ஊடுருவும். வேலைக்காக நுவரெலியா ஏறுகிறவர்கள் 1868 மீற்றரில் இன்னும் கடுமையான கதிரையும் காய்ந்த காற்றையும் சேர்த்தே எதிர்கொள்கிறார்கள். பாடசாலை 1.30க்கு விடும்போது வெயில் இன்னும் உச்சத்தை விட்டு அதிகம் இறங்கியிருக்காது. பருவுக்கு அடாபலீன் பூசும் பிள்ளைகளுக்குப் பையில் ஒரு குடை வைத்துக் கொடுங்கள். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ்ஸில் யன்னலோரம் வருகிறவர்களும் தப்புவதில்லை, கண்ணாடி வழியாக யூ.வி.ஏ. கதிர் வரும்.

சன்ஸ்கிரீனில் மூன்று தெரிவு. வெள்ளையாகப் படியும் சிங்க் ஒக்சைட் வகை எரியும் முகத்துக்கு ஏற்றது, மாநிறத்தில் சாம்பல் பூசியதுபோல் தெரியும். நிறமற்ற இரசாயன வகை கண்ணுக்குத் தெரியாது, உரிந்த தோலில் சிலருக்குக் கடுக்கும். தோல் நிறம் கலந்த வகையில் இரும்பு ஒக்சைட் உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நம் தோலைக் கறுக்கச் செய்யும் என்பதால், மங்கோ பருக் கருமையோ உள்ளவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்துக்குப் பிழிந்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசவேண்டும், வெளியில் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை. மலையில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு வியர்வையில் இது நிற்காது. செலவும் தாங்காது. அவருக்கு அகன்ற தொப்பியும் நெற்றியை மூடும் துணியுமே முதல் பாதுகாப்பு. வைத்தியர் ரெட்டினோயிட் எழுதும்போதே தன் வேலை என்ன என்பதை அந்தப் பெண் சொல்லிவிடவேண்டும்.

யாரிடம் போவது

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் தோல் கிளினிக் உண்டு, கட்டணம் இல்லை. காத்திருக்கவேண்டும். ஆனால் கிளினிக் கொப்பியில் உங்கள் வரலாறு தொடர்ந்து பதிவாகும், வருடக்கணக்கான மருந்துக்கு அது பெரிய பலம். தனியாரில் சனல் பண்ணினால் நேரம் மிச்சம். ஒவ்வொரு முறையும் வைத்தியரை மாற்றாமல் ஒருவரிடமே போங்கள்.

கருத்தரிக்க எண்ணியிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். பூசும் ரெட்டினோயிட்டையும் அந்தக் காலத்தில் தவிர்ப்பதே வழக்கம். பருவுக்கும் கருமைக்கும் அசலேயிக் அமிலம் அப்போது நல்ல மாற்று. விழுங்கும் ஐசோட்ரெடினோயின் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை வேண்டும், பாவிக்கும் காலம் முழுவதும், நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தடை வேண்டும். ஆண் பெண் இருபாலாரும் அந்தக் காலத்தில் இரத்ததானம் செய்யக்கூடாது, விற்றமின் ஏ மாத்திரையும் டொக்சிசைக்கிளினும் சேர்க்கக்கூடாது. சொரியாசிசுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் இன்னும் நீண்ட காலம் உடலில் தங்கும். அதை விழுங்கிய பெண் நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக்கூடாது என்பதால், பிள்ளை பெற எண்ணமுள்ள பெண் அந்த மருந்து எழுதப்படும்போதே வேறு மருந்து கேட்கவேண்டும்.