நோ கிளெய்ம் போனசைப் பாதுகாக்க மேலதிகப் பணம் கட்ட வேண்டுமா?

ஊர் திரும்பிய குடும்பங்கள் பல முதலில் வாங்குவது மோட்டார் சைக்கிள். அதன் பிறகு, உழைப்புக்காக லீசிங்கில் ஒரு முச்சக்கர வண்டியோ சிறிய லொறியோ எடுக்கிறார்கள். லீசிங் வாகனம் என்றால் முழுக் காப்புறுதி போடும்படி கேட்பார்கள். அதைப் போடும்போது முகவர், "இன்னும் கொஞ்சம் கட்டினால், விபத்து நடந்தாலும் உங்கள் போனஸ் குறையாது" என்று சொல்லக்கூடும். அந்தக் "கொஞ்சம்" உங்களுக்குப் பயன்படுமா என்பதை நீங்களே கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க இந்தப் பாடம் உதவும்.

முதலில் ஒரு வேறுபாடு. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. நீங்கள் மற்றவருக்கு ஏற்படுத்தும் பாதிப்புக்கே அது பொறுப்பேற்கும். ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாட்டில் மோதி உங்கள் வண்டி நொறுங்கினால், அதில் ஒரு சதமும் வராது. போனஸ் பேச்சு பெரும்பாலும் முழுக் காப்புறுதிக்குரியது. மூன்றாம் தரப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்து வரும் கணக்கை விட்டுவிட்டு, கடைசிப் பகுதியை மட்டும் வாசித்தால் போதும்.

நோ கிளெய்ம் போனஸ் என்பது, ஒரு வருடம் முழுவதும் இழப்பீடு கேட்காதவருக்கு அடுத்த வருடக் கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவு. வருடா வருடம் கழிவு கூடும். ஒருமுறை இழப்பீடு எடுத்தால் அது குறையும், அல்லது முழுதாகப் போய்விடும். வீதமும் விதியும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே கீழே உள்ளவை விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே. உங்கள் பத்திரத்தில் உள்ள எண்களைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

கழிவில்லாத கட்டுப்பணம் வருடம் 60,000 ரூபா என்று வைப்போம். கழிவு வருடத்துக்கு 10 வீதமாகக் கூடி 30 வீதத்தில் நிற்கிறது. 30 வீதத்தை அடைந்தவர் கட்டுவது 42,000 ரூபா. அவர் ஒரு விபத்துக்கு இழப்பீடு எடுத்துக் கழிவை முழுதாக இழந்தால், அடுத்த வருடம் 18,000, அதற்கடுத்த வருடம் 12,000, மூன்றாம் வருடம் 6,000 என்று மொத்தம் 36,000 ரூபா கூடுதலாகக் கட்டுகிறார். போனஸைப் பாதுகாக்க வருடம் 3,000 ரூபா கேட்டால், 12 வருடம் கட்டுவது 36,000. நீங்கள் 12 வருடத்துக்குள் ஒரு தடவையாவது இழப்பீடு கேட்பீர்களா என்பதே கேள்வி. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் தினமும் இரவில் ஓடும் வாடகை லொறிக்காரருக்கு இது பெறுமதியாக இருக்கலாம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கப் பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு அவ்வளவு தேவையில்லை.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. கண்ணாடியும் மட்கார்டும் உடைந்து கராஜில் 15,000 ரூபா கேட்டால், அதைக் கையிலிருந்து கட்டுவதே இலாபம். இழப்பீடு எடுத்தால் போவது 36,000. விபத்து நடந்த இடத்திலேயே பணம் தரும் வசதியைப் பாவித்தால் அதுவும் கிளெய்ம் ஆகப் பதியப்படுமா என்று, பணத்தை வாங்குமுன் கேளுங்கள்.

முதல் வருடம் காப்புறுதி போடுபவரிடம் பாதுகாக்க இன்னும் போனஸே சேரவில்லை. அவருக்கு இந்த மேலதிகப் பாதுகாப்பை விற்க வந்தால் "இப்போது வேண்டாம்" என்று தயங்காமல் சொல்லலாம்.

வாங்குவதாக இருந்தால் முகவரிடம் சில விடயங்களை எழுத்தில் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை விபத்து மன்னிக்கப்படும்? எவ்வளவு தொகை வரை? நிறுவனம் மாறினால் போனஸ் கூட வருமா? போனஸ் குறையாவிட்டாலும் அடிப்படைக் கட்டுப்பணம் கூடுமா? கடைசிக் கேள்வி முக்கியம். கழிவு வீதம் அப்படியே இருந்தும் கட்டும் தொகை ஏறலாம். பத்திரம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், தமிழில் விளக்கிய பிறகே கையெழுத்து வையுங்கள்.

இந்த மன்னிப்பு எல்லாவற்றையும் மன்னிக்காது. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத தம்பி ஓட்டியிருந்தாலோ, மது அருந்திவிட்டு ஓட்டியிருந்தாலோ, சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த வண்டியை வாடகைக்கு ஓட்டியிருந்தாலோ இழப்பீடே மறுக்கப்படலாம். அதன்பின் போனஸ் இருந்தென்ன?

கையில் இருப்பது கொஞ்சப் பணம் என்றால், எங்கள் அபிப்பிராயத்தில் வெள்ளப் பாதுகாப்பு முதலில் வர வேண்டும். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் முழுக் காப்புறுதியில் வெள்ளம் அடங்குமா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று பாருங்கள். கலவரம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கான காப்பும் தனியாகச் சேர்க்கப்படுவது.

கட்டாயக் காப்புறுதியானாலும் முழுக் காப்புறுதியானாலும், பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பத்திரத்தோடு நீர் படாத உறையில் வையுங்கள். இழப்பீடு மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு முறையிடுங்கள். தீராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கோ, இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ கடிதம் அனுப்பலாம். பத்திரத்தின் பிரதியையும் மறுப்புக் கடிதத்தின் பிரதியையும் அதோடு இணையுங்கள். மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம்.