குடிநோய் மீட்புக்கு ஊர்க் கணக்கில் ஒரு பக்கம்

2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவர்களுக்கு 50 ஆயிரம் என்று அரசு அறிவித்தது. கொடுக்க வேண்டிய பணம்தான். ஆனால் அது சாவுக்குப் பின்னால் வந்த பணம். அதே ஆட்கள் உயிரோடு இருந்தபோது, 'விட்டுடணும்னு பாக்கிறேன், முடியல' என்று புலம்பியபோது, அவர்களுக்கென்று எந்த ஊர்க் கணக்கில் என்ன இருந்தது?

அமெரிக்காவில் ஓபியாய்டு வலி மாத்திரைகளை அளவில்லாமல் விற்ற நிறுவனங்கள் மீது மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வழக்குப் போட்டு 5,000 கோடி டாலருக்கு மேல் பெற்றிருக்கின்றன. 2021-இல் மூன்று மருந்து விநியோக நிறுவனங்களோடும் ஜான்சன் அண்ட் ஜான்சனோடும் ஏற்பட்ட 2,600 கோடி டாலர் உடன்படிக்கையில், குறைந்தது 85 சதவீதத்தைப் போதைப் பாதிப்பைச் சரிசெய்யவே செலவிட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். சூடுபட்ட அனுபவம் அது. 1998-இல் புகையிலை நிறுவனங்களிடமிருந்து வாங்கிய பணத்தில் பெரும்பகுதி பட்ஜெட் ஓட்டையை அடைக்கவும் வேறு வேலைகளுக்கும் போய்விட்டது. இப்போதும்கூடச் சில இடங்களில் ஓபியாய்டு வழக்குப் பணத்தில் போலீஸ் வண்டி வாங்கியிருக்கிறார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு வழக்கும் இல்லை, பணமும் இல்லை. டாஸ்மாக் வருவாய் 2023-24-இல் 45,855 கோடி ரூபாய். அதில் ஒரு பங்கைக் குடிநோய் மீட்புக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை கைகட்டி உட்கார வேண்டியதில்லை. பணம் பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஊராட்சித் தலைவருக்கும், மகளிர் குழுக் கூட்டமைப்புக்கும், குப்பத்துப் பஞ்சாயத்தாருக்கும் அதைச் சேர்க்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் எதற்குப் பணம் என்பதில் தெளிவு வேண்டும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மருத்துவம் இலவசம். அங்கே போய்ச் சேர்வதும், திரும்பி வந்தபின் தாக்குப்பிடிப்பதும்தான் செலவு. ஒரு குப்பத்தில் விடிகாலையில் ஒருவரைப் பார்த்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் பாதி டீ மணலில். வலை பின்னும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்தில் இருந்த பையனிடம் நீட்டினார். 'ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே' என்றதற்கு, 'பத்து நாள் நான் படுத்தா வூட்ல அடுப்பு யாரு பத்த வைப்பாங்க?' என்றார். அந்தப் பத்து நாள் அரிசி மளிகை, கூட இருக்கும் மனைவியின் கூலி, பஸ் காசு, திரும்பி வந்தபின் ஒரு வருடம் வீடு தேடி வரும் ஆலோசகரின் சம்பளம். இந்த நான்குக்கும்தான் ஊர் பணம் திரட்ட வேண்டும்.

அடுத்த வேலை கணக்கெடுப்பு. கூட்டம் போட்டுப் பெயர் கேட்காதீர்கள். அவமானத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் பிரஷர், சர்க்கரை பார்க்க வீட்டுக்கு வருகிறார். கிராம சுகாதாரச் செவிலியரும் வருகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட 'ஆடிட்' படிவத்தை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே கெடுதலான குடி. 20-ஐத் தொட்டால் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். பெயர் செவிலியரோடு இருக்கட்டும், ஊருக்கு எண்ணிக்கை போதும். இளைஞர்களிடம் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போடும் பழக்கம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். அதுவும் ஓபியாய்டு வகைதான். அதற்கு வைத்தியம் வேறு.

எண்ணிக்கை கையில் இருந்தால் கிராமசபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். 'குடிநோய் மீட்புப் பணியை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும்' என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதி, பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். மாமல்லபுரம் போன்ற நகரப் பகுதியில் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் வைக்க வேண்டும்.

இனி பணம். ஒவ்வொரு நிதிக்கும் ஒரு குணம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர் நிதியும் நாடாளுமன்ற உறுப்பினர் நிதியும் கட்டடத்துக்கும் கருவிக்கும்தான், சம்பளத்துக்கு உதவாது. நிதிக்குழு மானியத்திலும் சம்பளம் கொடுக்க முடியாது. அந்த உறுப்பினர்களிடம் ஆலோசகர் உட்கார ஒரு அறையைச் சீரமைத்துத் தரச் சொல்லுங்கள், போதும். கல்குவாரி உள்ள பகுதி என்றால் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைக் கேட்கலாம். அதன் முன்னுரிமைப் பட்டியலில் சுகாதாரம் உண்டு. ஆட்சியர்தான் அதற்குத் தலைவர்.

சம்பளத்துக்கு ஏற்ற இடம் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்க்கும் கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். அதன் ஏழாம் அட்டவணையில் சுகாதாரம் இருக்கிறது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும் மறைமலை நகரில் தொழிற்சாலைகளும் வைத்திருக்கும் மாவட்டம் இது. ஆனால் ஊராட்சி மனுவை மட்டும் வைத்துப் பணம் வராது. சி.எஸ்.ஆர்-1 பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் கூட வேண்டும். தேவனேரி, வெண்புருஷம், கொக்கிலமேடு, மெய்யூர்குப்பம், சதுரங்கப்பட்டினம் என்று ஐந்தாறு ஊர் சேர்ந்து ஒரே ஆலோசகருக்குக் கேட்டால் மனு எடுபடும். ஒன்றிய சமூகநீதி அமைச்சகமும் போதைத் தேவைக் குறைப்புத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. இ-அனுதான் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அரிசி மளிகைக்கு வெளியில் கையேந்தாதீர்கள். கரையில் மீன் ஏலத்தில் ஊருக்கென்று எடுக்கும் பங்கு பல குப்பங்களில் உண்டு. கோயிலுக்குப் போகும் அந்தப் பங்கில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கப் பஞ்சாயத்தார் மனம் வைத்தால் போதும்.

முகாமுக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் ஊருக்குள்ளேயே பதினைந்து நாள் முகாம் நடத்தியது. ஊர்க் கட்டடம், ஊர்ச் சாப்பாடு, குடும்பத்துக்கும் ஆலோசனை, அதன்பின் தொடர் கண்காணிப்பு.

நம் கடற்கரையில் அப்படி முகாம் நடத்தக் கார்த்திகை தோதான மாதம். கடல் கொந்தளிப்பில் படகுகள் கரையில் கிடக்கும், கூலி நட்டம் குறைவு. மாலை போட்டுப் பலர் குடியை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் ஒன்று. தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். நாலு நாளுக்குள் மனக்குழப்பமும் மாயத் தோற்றமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாலையோ, கோயில் கயிறோ, அதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மருந்தை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருக்கலாம்; அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் இதயமே நின்றுபோகலாம். மாநில மனநல ஆணையத்தில் பதிவில்லாத மறுவாழ்வு இல்லத்துக்கு ஊர்ப் பணத்தில் ஒரு ரூபாயும் போகக்கூடாது.

திரும்ப வழுக்கும் நாட்களும் நமக்குத் தெரிந்தவைதான்: மாலை கழற்றும் நாள், காணும் பொங்கல், மாசி மகம், ஆடிக் கூழ். ஆலோசகரின் வருகையை இந்த நாட்களுக்கு முந்தின வாரத்தில் வையுங்கள். வழுக்கியவரைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். இந்த நோயில் அது சகஜம்.

கணக்கு மகளிர் கூட்டமைப்பின் பெயரில் தனி வங்கிக் கணக்காக இருக்கட்டும். செலவை முடிவு செய்யும் குழுவில், குடியை விட்ட ஒருவரும் அவரைப் போன்ற இன்னொருவரின் மனைவியும் கட்டாயம் வேண்டும். பேரணி, பேனர், மேடை எதற்கும் இதில் கை வைப்பதில்லை என்று முதல் நாளே எழுதுங்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் இன்னும் குடிக்காமல் இருக்கிறார்கள் என்ற இரண்டு எண்ணையும் கிராமசபையில் படியுங்கள்.

இதெல்லாம் கூடி வரச் சில மாதம் ஆகும். அதுவரை யாருக்காவது உதவி தேவையென்றால் 14446 தேசியப் போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டுக்கும் கட்டணமில்லை. ஏலக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.