தம்பானூரில் மழை: ஒரு காமிக்ஸ் பக்கத்தை வரைந்து நிறம் தீட்டுவது எப்படி?

காமிக்ஸ் வரைய வரும் இளைஞர்கள் பலருக்குக் கோடு நன்றாகவே வருகிறது. பக்கம் கெடுவது நிறத்தில்தான். மரத்துக்குப் பச்சை, வானத்துக்கு நீலம், பஸ்ஸுக்குச் சிவப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் நிறத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், கதை நடக்கிற முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாத மாலை, திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையம், நல்ல மழை. ஊரிலிருந்து வரும் அக்காவுக்காக ஒரு பையன் காத்திருக்கிறான். ஐந்து கட்டங்கள், கடைசிக் கட்டத்தில் பஸ் வருகிறது.

உள்ளங்கை அளவில் நாலைந்து மாதிரிகள் கிறுக்கிப் பார்த்து, பிடித்ததை ஏ3 தாளில் பென்சிலால் பெரிதாக்குங்கள். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருக்கட்டும். சுருக்கும்போது கோட்டின் நடுக்கம் மறைந்துவிடும்.

வசனத்தைப் பென்சிலில் வரையும்போதே எழுதிவிட வேண்டும். தமிழில் ‘காத்துக்கிட்டிருக்கேன்’ என்ற ஒரு சொல்லே பலூனின் அகலம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். முதலில் பேசுகிறவரை இடப்பக்கம் நிறுத்துங்கள். பிறகு பலூனுக்கு இடம் தேடி யாருடைய தலையையும் மறைக்க வேண்டி வராது.

மைக்கு, நீரில் கரையாத கறுப்பு இந்தியன் இங்க். முகத்துக்கும் துணி மடிப்புக்கும் 2-ஆம் எண் பிரஷ்; பஸ்ஸுக்கும் கட்டடத்துக்கும் நிப். இடவப்பாதி மழைக்காலத்தில் இந்த ஊர்க் காற்றே தாளை ஈரமாக்கிவிடும், மை கசியும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, வேண்டியதை மட்டும் வெளியே எடுங்கள். மை காய்ந்ததும் 600 டிபிஐ-யில் ஸ்கேன்.

நிறத்தைத் தொடுமுன் கறுப்பு வெள்ளையிலேயே கதை புரிகிறதா என்று பாருங்கள். ‘காஞ்சன சீதா’ படத்தை எடுத்த மலையாள இயக்குநர் அரவிந்தன், 1961 முதல் 1973 வரை மாத்ருபூமி வார இதழில் ‘செறிய மனுஷ்யரும் வலிய லோகவும்’ (சிறிய மனிதர்களும் பெரிய உலகமும்) என்ற படத்தொடரை வரைந்தார். அதன் பாத்திரங்களான ராமுவும் குருஜியும் அத்தனை ஆண்டுகள் வாசகரைப் பிடித்து வைத்திருந்தது கறுப்புக் கோட்டால்தான். கோட்டில் நிற்காத பக்கத்தை நிறம் காப்பாற்றாது.

இனி நிறம். பக்கத்தின் சிறிய நகல் ஒன்றை எடுத்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே சாம்பல் நிறங்களால் நிரப்புங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கண் முதலில் எங்கே விழ வேண்டும்? அந்த ஓரிடம்தான் வெளிச்சம். இரண்டு இடங்கள் போட்டியிட்டால் ஒன்றை அடக்குங்கள். கணினிக்கு முன் உட்காருகிற அவசரத்தில் இதைத் தாண்டிப் போகிறார்கள், பிறகு இரவெல்லாம் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து, பக்கம் முழுவதற்கும் ஒரே வானிலை. மழை மாலை என்றால் எல்லா நிறத்திலும் நீலச் சாம்பல் கலந்திருக்க வேண்டும். பையனுடைய மஞ்சள் சட்டைகூட மங்கட்டும். கேரள அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் சிவப்பைக் கடைசிக் கட்டம்வரை எங்கேயும் செலவழிக்காதீர்கள். ஓரமாக நிற்கும் மற்ற பஸ்களையும் மங்கலாகவே விடுங்கள். ஐந்தாம் கட்டத்தில் ஹெட்லைட்டோடு அந்தச் சிவப்பு வரும்போது, அக்கா வந்துவிட்டாள் என்று வசனம் எழுதத் தேவையே இருக்காது.

ஒரு நிறத்தை முன்னிறுத்தி மற்றதை அடக்குவதைக் கற்கத் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்துக்குப் போய் ஓவியர் ரவி வர்மாவின் படங்களைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். அன்னத்தோடு நிற்கும் தமயந்தியில் சேலையின் சிவப்பும் பறவையின் வெண்மையும் முதலில் கண்ணில் படும். மற்றதெல்லாம் அடங்கிப் பின்னால் நிற்கும். 1967-இல் தொடங்கிய ‘அமர் சித்திரக் கதை’ காமிக்ஸ் வரிசையின் ராணிகள் எல்லாம் இவருக்குக் கடன்பட்டவர்கள். நம் பிள்ளைகள் அவரிடமிருந்து நகையைத்தான் பார்த்து வரைகிறார்கள். பின்னணியை அவர் அடக்கிய விதத்தைப் படிக்க வேண்டும்.

கணினியில் கோட்டு லேயரை மேலே ‘மல்டிப்ளை’யில் வைத்துப் பூட்டிவிட்டு, அடியில் தட்டையான நிறங்களை நிரப்புங்கள். கட்டம் கட்டமாக முடிக்காதீர்கள். சட்டையா, ஐந்து கட்டங்களிலும் சட்டை, அப்புறம்தான் தோல். நேரம் பாதியாகும், நிறமும் மாறாது. கறுத்த தோலின் நிழலுக்குக் கறுப்பைக் கலப்பது பெரிய தவறு, முகம் செத்துவிடும். செம்பழுப்பில் தொடங்கி ஊதாவுக்குப் போங்கள். நம் ஊர் முகங்களைச் சிவப்பாக்கியே தீருவேன் என்பவர்கள் காமிக்ஸ் பக்கம் வர வேண்டாம்.

நிழலுக்குத் தனி லேயர், ஒரே நிறம், கூர்மையான ஓரம். ஏர்பிரஷ் கூடாது.

அச்சுக்கு அனுப்பும்போது கோடும் எழுத்தும் கறுப்பு மையில் மட்டுமே இருக்க வேண்டும். நான்கு மையும் சேர்ந்த கறுப்பாக இருந்தால், தகடு நூலிழை விலகினாலும் எழுத்து இரட்டையாகும். திரையில் தெரிவதைவிட நியூஸ்பிரிண்டில் எல்லாம் ஒரு படி இருண்டே வரும், முன்கூட்டியே வெளுப்பாக்கிவிடுங்கள். புத்தகம் அச்சாகப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் மட்டும் அடித்து வாங்கிப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மழை நீலம் ஊதாவாகத் தெரிந்தால் மெஜந்தாவைக் குறைத்து, இன்னொரு முறை அடிக்கச் சொல்லுங்கள்.