கிளம்பாத எஞ்சின்

இமாச்சலப் பிரதேசம் மலை மாநிலம். உத்தராகண்டும் அப்படித்தான். அங்கே வயல்கள் படிக்கட்டுப் போல அமைந்திருக்கும். பல வயல்கள் மிகச் சிறியவை. டிராக்டர் அங்கே ஏறாது. அதனால் விவசாயிகள் பலர் பவர் வீடர் வாங்கியிருக்கிறார்கள். இது மண்ணைக் கிளறும் சிறிய இயந்திரம். களையும் எடுக்கும். சில பவர் வீடர்கள் டீசலில் ஓடும். சில பெட்ரோலில் ஓடும்.

குளிர்காலத்தில் வயல் வேலை குறைவு. இயந்திரம் மூன்று நான்கு மாதம் கொட்டகையில் சும்மா நிற்கும். பிறகு விதைப்புக் காலம் வரும். விவசாயி கயிற்றை இழுப்பார். எஞ்சின் கிளம்பாது. பத்துத் தடவை இழுத்தாலும் கிளம்பாது. மெக்கானிக் தூரத்தில் டவுனில் இருப்பார். பஸ் செலவு, கூலி, ஒரு நாள் வேலை எல்லாம் போகும். அதற்குள் மண்ணின் ஈரமும் காய்ந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினில் இப்படி நடந்தால் பல சமயம் குறை கார்புரேட்டரில்தான் இருக்கும். அதை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம்.

கார்புரேட்டரின் வேலை என்ன?

பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று தேவை. இரண்டையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கும். அதற்குள் ஒரு மிதவை இருக்கும். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை போலத்தான். பெட்ரோல் நிறைந்ததும் மிதவை எழும்பும். அதோடு சேர்ந்த சிறிய ஊசி, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும். கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் ஜெட் வழியாக மேலே போகும். ஜெட் என்பது துளையுள்ள பித்தளைத் திருகு. அந்தத் துளை 1 மில்லிமீட்டர் கூட இருக்காது.

பெட்ரோல் பல மாதம் நின்றால் கெட்டுப்போகும். லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் கோந்து போல ஒட்டிக்கொள்ளும். ஜெட் துளை அடைந்துவிடும். இப்போது பெட்ரோலில் எத்தனாலும் கலக்கிறார்கள். 2025-இல் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும்.

எதை முதலில் பார்ப்பது?

பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதியது ஊற்ற வேண்டும். காற்று ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்க வேண்டும். சில நேரம் குறை அங்கேயே தீர்ந்துவிடும். சோக் போட்டால் எஞ்சின் ஓடுகிறதா? சோக்கை எடுத்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் ஜெட் அடைத்திருக்கும். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதா? அப்படியானால் மிதவையிலோ ஊசியிலோ கோளாறு.

கழற்றுவதற்கு முன்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். பத்தடி தள்ளி எரியும் அடுப்புகூட அதைப் பற்ற வைக்கலாம். பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் கூடாது. குழந்தைகளும் கூடாது. பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

சுத்தம் செய்யும் முறை

பிளக் வயரைக் கழற்றி விட வேண்டும். பெட்ரோல் டேப்பை மூட வேண்டும். கார்புரேட்டரின் வெளியே உள்ள மண்ணைத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண்ணே உள்ளே போகும். கீழே ஒரு தட்டு வைக்க வேண்டும். கிண்ணத்தின் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். பல எஞ்சின்களில் இதற்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். கிண்ணம் கையோடு வரும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பத்திரம்.

பிறகு சிறிய கம்பியை உருவினால் மிதவையும் ஊசியும் வரும். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் மிதவை ஓட்டை. வேறு வாங்க வேண்டும்.

அடுத்தது ஜெட். தலையில் உள்ள பள்ளத்துக்குச் சரியான திருப்புளி வேண்டும். சிறிய திருப்புளி போட்டால் பித்தளை பிய்ந்துவிடும். ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைக்க வேண்டும். ரப்பர் வளையத்தை அதில் போடக் கூடாது. ஊதிப் பெருத்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். "ஒரு தையல் ஊசி கொடு" என்று கேட்கிறார்கள். ஊசியும் இரும்புக் கம்பியும் துளையைப் பெரிதாக்கிவிடும். பிறகு எஞ்சின் கறுப்புப் புகை விடும். பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். கரண்ட் வயரில் உள்ள ஒரே ஒரு மெல்லிய செம்பு இழை போதும். செம்பு மெதுவானது. மெல்ல நுழைத்து எடுத்து, சைக்கிள் பம்பால் காற்று அடிக்க வேண்டும்.

கழற்றிய வரிசையைத் திருப்பிப் போட்டு மாட்ட வேண்டும். டேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். ஒழுகல் இல்லையென்றால் சிந்திய பெட்ரோலைத் துடைத்துக் காயவிட்டு, பிளக் வயரை மாட்டிக் கயிற்றை இழுக்கலாம்.

மைதானங்களில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டி உண்டு. அது பெட்ரோல் வண்டியானால் அதன் கார்புரேட்டரிலும் பெரும்பாலும் இதே மிதவை, இதே ஜெட்தான். தோளில் மாட்டிப் புல் வெட்டும் கருவிகள் பலவற்றில் மிதவை கிடையாது. மெல்லிய சவ்வுதான் இருக்கும். அதற்கு முறை வேறு. தெரியாமல் திறக்க வேண்டாம்.

பருவம் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது டாங்கைக் காலி செய்ய வேண்டும். எஞ்சினைக் கிளப்பி, அது தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். எஞ்சின் ஆறிய பிறகு கிண்ணத்தில் மிஞ்சிய சொட்டுகளையும் வடிகால் திருகு வழியாக வடித்துவிட வேண்டும்.