நட்டால் மட்டும் போதுமா?

வர்தா புயல் சென்னையைத் தாக்கியது 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள். அது ரபீயுல் அவ்வல் மாதம். நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நமது மஹல்லாப் பள்ளிவாசலின் முன்னால் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரமும் அன்று வேரோடு விழுந்தது. ஜும்ஆவுக்கு உள்ளே இடம் போதாமல் வெளியே பாய் விரித்தவர்களுக்கும், ஜனாஸா வரும் வரை காத்து நின்றவர்களுக்கும், மதரஸா விடும் நேரத்தில் பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்களுக்கும் அதுதான் நிழலாக இருந்தது.

“அல்லாஹ்வின் நாட்டம்” என்றோம். அது உண்மையே. ஆனால் விழுந்த மரத்தின் வேரைப் பார்த்தபோது நமது குற்றமும் தெரிந்தது. மழைக்காலத்தில் தொழ வருவோரின் காலில் சேறு படக்கூடாதென்று, அடிமரம் வரை சிமெண்டுத் தளம் போட்டிருந்தோம். கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியபோது ஒரு பக்கத்து வேர்களை வெட்டியிருந்தோம். மழைநீரும் காற்றும் இறங்காத மண்ணில் வேர் நலிந்துபோகும். ஒரு பக்கத்தில் பிடிப்பில்லாத மரம் பெருங்காற்றை எப்படித் தாங்கும்?

நடுவோருக்குரிய கூலி

முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ, விதைத்த பயிரிலிருந்தோ மனிதனும் பறவையும் கால்நடையும் உண்பதெல்லாம் அவருக்கு ஸதகாவாக அமையும் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அன்ஸாரிப் பெண்மணி உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களின் பேரீச்சந் தோட்டத்துக்கு நாயகம் (ஸல்) அவர்கள் சென்றிருந்தபோதும் இந்த நற்செய்தியைக் கூறினார்கள். எனவே இந்த நன்மை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை நம் சகோதரிகள் கவனிக்கவேண்டும்.

தெருவில் நடும் வேம்பில் நாம் உண்ண என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். வேப்பம் பழத்தைக் காகமும் மைனாவும் தின்கின்றன. நாவல் பழத்தை வவ்வால் தின்கிறது. உண்போர் மனிதராக மட்டும் இருக்கவேண்டும் என்று ஹதீஸில் நிபந்தனை இல்லையே!

ஸல்மான் (ரலி) அவர்களின் வரலாறு

ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் மதீனாவில் ஒரு யூதரிடம் அடிமையாக இருந்தார்கள். விடுதலைக்கு விலையாக முந்நூறு பேரீச்ச மரங்களும் நாற்பது ஊக்கியா தங்கமும் கேட்கப்பட்டன. நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் உதவி கோர, ஒருவர் முப்பது கன்றும், ஒருவர் இருபதும், ஒருவர் பதினைந்தும், ஒருவர் பத்துமாகத் தம் சக்திக்கேற்பக் கொண்டுவந்தனர். குழி தோண்டுவதிலும் தோழர்கள் துணை நின்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் தமது திருக்கரத்தால் கன்றுகளை நட்டார்கள்.

இந்த வரலாற்றின் மற்றோர் அறிவிப்பில் நாம் கவனிக்கவேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. அம்மரங்கள் பலன் தரும் வரை ஸல்மான் (ரலி) அவர்கள் அவற்றில் உழைக்கவேண்டும் என்பதே அது. அதாவது, நட்டுவிட்டதால் மட்டும் கடமை தீர்ந்துவிடவில்லை.

நாம் செய்த இரண்டாவது தவறு

இதையெல்லாம் பயானில் பலமுறை கேட்டிருந்த நாம் என்ன செய்தோம்? புயலடித்த மறுமாதமே, 2017 ஜனவரியில், ஒரு விடுமுறை நாளில் பெரியவர்களை அழைத்து இருபது கன்றுகளை நட்டோம். புகைப்படம் எடுத்தோம். தேநீர் அருந்திக் கலைந்தோம். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டு அது. மழைக்காலம் முடிந்தபின் நட்டது ஒரு பிழை. யார் நீர் ஊற்றுவது என்று பேசாமல் விட்டது அதைவிடப் பெரிய பிழை. மோதினார் ஊற்றுவார் என்று ஜமாஅத்தார் இருந்தனர். ஜமாஅத்தார் ஆள் வைப்பார்கள் என்று மோதினார் இருந்தார். ரமளான் பிறை பார்த்தபோது உயிரோடு இருந்தவை மூன்றே கன்றுகள்.

ஃபர்ளு கிஃபாயாவைப் பற்றி நாம் அறிவோம். சிலர் நிறைவேற்றினால் அனைவர் பொறுப்பும் நீங்கும். எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள். கன்றுக்கு நீர் ஊற்றுவதும் அச்சட்டத்தில் அடங்கும் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் “யாரேனும் செய்வார்கள்” என்று எல்லோரும் இருந்துவிட்டால் என்ன நேரும் என்ற பாடம் இரண்டிலும் ஒன்றே.

மஹல்லாக்கள் செய்யவேண்டியவை

அதே ஆண்டு செப்டம்பரில், மழைக்கு முன்னால், மீண்டும் முயன்றோம். இம்முறை பன்னிரண்டே கன்றுகள். அவற்றில் பத்து இன்று பள்ளிவாசல் மாடியை எட்டி நிற்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். நாம் கற்றுக்கொண்டவை வருமாறு:

1. முதலில் மாநகராட்சி அலுவலகத்தில் சொல்லி அனுமதி பெறுக. மின்கம்பிக்குக் கீழேயும், குடிநீர்க் குழாய்க்கு மேலேயும் நடவேண்டாம்.

2. வேம்பு, புங்கம், பூவரசு, மகிழம், நாவல் போன்ற நம் மண்ணின் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஆளுயரக் கன்றாக இருந்தால் ஆடு எளிதில் மேயாது. வேலிக்கூண்டும் அவசியம்.

3. மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் குழியெடுத்து, மக்கிய எருவை மண்ணோடு கலந்து இடுங்கள். ஊன்றுகோலில் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பியால் கட்டினால் பட்டையை அறுத்துவிடும்.

4. அடிமரத்தைச் சுற்றிலும் மூன்றடிக்குக் குறையாமல் மண் திறந்திருக்கட்டும். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் இருந்த காங்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. நமக்கு உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

5. ஒவ்வொரு கன்றையும் ஒரு வீட்டாரிடம் ஒப்படையுங்கள். அவ்வீட்டார் ஊர் சென்றால் யாரிடம் சொல்லிச் செல்வது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். முதல் மூன்று கோடைகளைக் கடந்துவிட்டால் மரம் பெரும்பாலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

6. கூட்ட விளம்பரமாயினும், பெருநாள் வாழ்த்தாயினும் மரத்தில் ஆணி அடிக்கக்கூடாது.

உளூவின் தண்ணீர்

நீருக்கு எங்கே போவது என்பார்கள். ஒரு வக்துக்கு அறுபது பேர் குழாயில் உளூச் செய்து, ஒருவர் மூன்று லிட்டர் செலவழிப்பதாக வைத்துக்கொண்டால், ஐந்து வக்துக்கு 900 லிட்டர் ஆகிறது. அதில் சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அதைச் சாக்கடையில் விடாமல் ஒரு சிறு வாய்க்கால் வழியே கன்றுகளுக்குத் திருப்பினோம். ஆனால் மரத்துக்குப் போகிறதென்று குழாயைத் திறந்துவிட்டு வீண்விரயம் செய்யலாகாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில், அதாவது ஏறத்தாழ முக்கால் முதல் ஒரு லிட்டருக்குள், உளூச் செய்ததாக ஹதீஸ் உண்டு.

கிளை வெட்டலாமா?

சருகு விழுகிறது, பறவை எச்சமிடுகிறது என்று மரத்தையே வெட்டச் சொல்வோர் நம்மிலும் உண்டு. சருகைக் கூட்டி எருவாக்கலாம். ஆனால் கிளை தாழ்ந்து நடப்போரின் கண்ணில் குத்துமானால் அதை முறையாகக் கழித்துவிடுவதே கடமை. மக்களுக்குத் தொல்லை தந்த மரத்தைப் பாதையிலிருந்து அகற்றியதற்காக ஒருவர் சுவர்க்கத்தில் இன்புற்றிருப்பதை நபி (ஸல்) அவர்கள் தெரிவித்ததாக முஸ்லிமில் காண்கிறோம். நடுவதும் நன்மை, இடையூறு நீக்குவதும் நன்மை. எங்கே எது தேவை என்று அறிந்து செய்வதே முறை.

அன்புச் சகோதர சகோதரிகளே! உங்கள் தெருவில் நட்டபின் மறக்கப்பட்ட கன்று ஒன்றேனும் இருக்கும். புதிதாக ஒன்றை நடும் முன் இன்று அஸருக்குப் பின் அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். நாம் மௌத்தான பின்னும் நமக்காக நின்று நிழல் தரும் ஸதகத்துல் ஜாரியாவாக அதனை வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.