அச்சைக் காக்கும் மசகு

நுழையும்முன்
சுழல்வது எதுவாயினும் உராய்வு அதனைத் தடுக்கும். மாட்டுவண்டியின் அச்சு முதல் விசைப்படகின் பொறி வரை அவ்வுராய்வைத் தணிப்பது மசகு. கிரீஸ் என நாம் வழங்கும் அம்மசகு செயல்படும் முறையை அறிவோம்.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில், அரசலாற்றின் முகத்துவாரத்தை ஒட்டி மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. பழுதுபார்க்கும் பணிகள் நடைபெறும் காலம் அதுவே. படகுக்கு வண்ணம் பூசுவது எல்லோர் கண்ணிலும் படும். வலை இழுக்கும் வின்சின் பேரிங்குகளைத் துடைத்துப் புதிய மசகு இடுவது எவர் கண்ணிலும் படாது. ஆயினும் நடுக்கடலில் அவ்வின்ச் இறுகி நின்றால், வலையும் உழைப்பும் வீணாகும். உயிருக்கும் இடர் நேரலாம்.

எண்ணெயும் சோப்பும்

வழவழப்பாகத் தோன்றும் உலோகப் பரப்பிலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. இரு பரப்புகள் உரசும்போது அம்மேடுகள் மோதித் தேய்கின்றன, வெப்பம் பிறக்கிறது. இடையே எண்ணெய்ப் படலம் இருப்பின் தேய்மானம் குறையும். ஆனால் எண்ணெய் வழிந்தோடிவிடும். அதனை நிறுத்திவைக்கும் வழியே மசகு.

மசகின் பெரும்பகுதி எண்ணெயே. அதனுடன் லித்தியம், கால்சியம் போன்ற உலோகங்களின் சோப்பு சேர்க்கப்படுகிறது. சோப்பின் நுண்ணிழைகள் வலைபோலப் பின்னி, பஞ்சு நீரைப் பிடித்துவைப்பதுபோல் எண்ணெயைப் பிடித்துவைக்கின்றன. அச்சு சுழலும்போது மசகு இளகி எண்ணெயைக் கசியவிடும். அச்சு நின்றதும் மீண்டும் இறுகும்.

இடமறிந்து இடுதல்

சோடியம் சோப்பினாலான மசகு நீர்பட்டால் கரையும். எனவே படகுக்கு உதவாது. கால்சியம் வகை நீரை எதிர்க்கும். ஆயினும் அதன் பழைய வகைகள் மிகுவெப்பம் தாங்கா. லித்தியம் வகை வெப்பத்தை நன்கு தாங்குவதோடு நீரையும் ஓரளவு எதிர்க்கும். ஒவ்வாத இருவகைகளைக் கலந்தால் இழைப்பின்னல் குலைந்து மசகு வழிந்துவிடும்.

அளவும் அறிய வேண்டும். விரைந்து சுழலும் பேரிங்கில் மசகைத் திணித்தால் அது கடையப்பட்டுச் சூடேறும். வெற்றிடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை இடுவதே பொதுவழக்கு. மெல்லச் சுழன்று நீரில் நனையும் பேரிங்கையோ நிறைய நிரப்புவர். அங்கு மசகே உப்புநீர் புகாத காப்பாகிறது.

ஆகவே, மசகு இடுதல் கை அழுக்காகும் எளிய வேலையன்று. பொருளும் இடமும் அளவும் அறிந்து செய்யும் தொழிலறிவு.

தெரியுமா?
வைக்கோற்கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டியின் அச்சுக்கு இடுவது நம் உழவர் வழக்கம். இதனை 'வண்டி மை' என்பர். உப்பு வணிகரான உமணர், வழியில் அச்சு முறிந்தால் உதவுவதற்கென மாற்று அச்சு ஒன்றை வண்டியில் கட்டிச் சென்றதைப் புறநானூறு குறிப்பிடுகிறது.

கற்பவை கற்றபின்
உங்கள் ஊரில் மசகு பயன்படும் கருவிகளைக் கண்டறிந்து, அவற்றைப் பேணுவோரிடம் கேட்டறிந்த தொழிற்சொற்களைத் தொகுக்க.