பேசாத பிள்ளையும் புதிய ஆசிரியையும்



தாயகத்தில் பல ஆண்டுகள் கற்பித்த ஒருவர் வேற்று நாட்டில் பாலர் வகுப்பொன்றின் வாசலில் முதன்முறையாக நிற்கும்போது, அவரும் அரிவரி மாணவரே ஆகிறார். யாழ்ப்பாணத்தில் ஆறாண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிய நான், இங்கிலாந்தில் மீண்டும் பயிற்சி பெற்று, 2009ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலண்டன் பாடசாலை ஒன்றில் நான்கு வயதுப் பிள்ளைகளைப் பொறுப்பேற்றேன். அங்கு நான் கற்றுக்கொண்டவை எம் இல்லங்களுக்கும் பயன்படும் என்பதால் அவற்றுட் சிலவற்றை இங்கே தருகின்றேன்.

1. வகுப்பறை

இங்கிலாந்தில் ஐந்து வயது நிறைந்த பின் வரும் தவணையிலிருந்தே கல்வி கட்டாயமாகிறது. எனினும் பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வயதிலேயே 'ரிசெப்ஷன்' வகுப்பிற் சேர்ந்துவிடுகின்றனர். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி இவ்வகுப்பில் ஓர் ஆசிரியருக்குப் பொதுவாக 30 பிள்ளைகளுக்கு மேல் இருத்தலாகாது.

நான் பழகிய வாங்கு வரிசைகள் அங்கில்லை. கம்பளத்தில் அமர்ந்து கதை கேட்பதும், மணற்றொட்டியிலும் நீர்த்தொட்டியிலும் விளையாடுவதும், மழைத் தூறலிலும் மழையங்கி அணிந்து வெளியே செல்வதுமே பாடம். "விளையாடிக்கொண்டே இருந்தால் படிப்பது எப்போது?" என்று நானும் எண்ணியதுண்டு. காற்றும் வெளிச்சமும் தோட்டமும் ஏழைக் குழந்தைகளுக்குக் கல்வியின் பகுதியே என்று கருதிய மக்மில்லன் சகோதரிகள், 1914ஆம் ஆண்டிலேயே இலண்டன் டெட்ஃபோர்டில் திறந்தவெளிப் பாலர் பாடசாலை தொடங்கினர் என்பதைப் பின்னர் அறிந்தேன். நீரை அளந்து ஊற்றும் பிள்ளை, 'நிறைய', 'குறைய', 'இன்னும் கொஞ்சம்' என்னும் கணக்கையும் சொல்லையும் ஒருங்கே கற்கிறது. அரச பாடசாலைகளில் பிரம்படி 1987ஆம் ஆண்டிலிருந்தே தடைசெய்யப்பட்டிருந்தது. குரலை உயர்த்தாமல் 30 பிள்ளைகளை அமரச் செய்வதே என் முதற் பரீட்சையாயிற்று.

2. ஒலி

தமிழில் 'க' என்னும் எழுத்தை ஒலிப்பது போலவே வாசிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. ஆதலால் பாலர்க்கு எழுத்தின் பெயரை விட ஒலிக்கே முதலிடம் தருகின்றனர்.

இங்கே எனக்கு ஓர் இடர் நேர்ந்தது. நீரைக் குறிக்கும் 'வாட்டர்' என்னும் சொல்லை நான் பல்லையும் உதட்டையும் பொருத்தி ஒலித்தேன். நம் வகரம் அவ்வாறு பிறப்பதென்று தொல்காப்பியரே கூறியுள்ளார். ஆனால் அந்த ஆங்கில எழுத்துக்கோ இரு உதடுகளையும் குவித்தல் வேண்டும். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி என் முகத்தருகே வந்து, தன் உதட்டைக் குவித்துக் காட்டி என்னைத் திருத்தினாள். அன்று வெட்கினேன். ஆசிரியர்கள் கூடும் அறையில் அதன்பின் பல நாள் வாய் திறவாதிருந்தேன். கேட்பன யாவும் விளங்கின, சொல்லத்தான் அஞ்சினேன்.

3. மௌனம்

அவ்வகுப்பில் தமிழ்ச் சிறுவன் ஒருவன் இருந்தான். செப்டெம்பரில் வந்தவன் டிசெம்பர் வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அவனுக்கு ஏதேனும் குறையுண்டோ என்று சிலர் ஐயுற்றனர். மூத்த ஆசிரியை ஒருவர், "புதிய மொழிக்குள் வரும் குழந்தை சில வாரமோ சில மாதமோ மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். வற்புறுத்தாதீர்கள்" என்றார். என் மௌனமும் அதுவன்றோ என்று எண்ணிக்கொண்டேன்.

ஒருநாள் நீர்த்தொட்டியருகே என் கை தட்டிக் குவளை சரிந்தது. என்னையறியாமலே, "ஐயோ, தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு!" என்றேன். அருகே நின்ற அவன் நிமிர்ந்து பார்த்தான். "மிஸ், சீலையாலை துடையுங்கோ" என்றான். நான் கேட்ட அவனது முதல் வார்த்தை அது. அதில் எந்தக் குறையும் இல்லை.

அன்று மாலை அவன் தாயாருடன் உரையாடினேன். "ஆங்கிலம் வரவேண்டுமென்று மூன்று மாதமாக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டோம், டீச்சர்" என்றார். தமக்கே சரளமில்லாத மொழியில் பெற்றோர் பேசியதால், கதையும் கொஞ்சலும் குறைந்து கட்டளைகள் மட்டுமே எஞ்சியிருந்தன. பாடசாலையில் புரியாத மொழி, வீட்டில் குறுகிய மொழி. பிள்ளை எங்கே பேசுவான்?

மறுநாளே அவ்வீட்டில் தமிழ் மீண்டது. அதிசயம் எதுவும் உடனே நிகழவில்லை. பெப்ரவரியில் ஒற்றை ஆங்கிலச் சொற்கள் வந்தன. கோடை விடுமுறைக்கு முன் வாக்கியங்கள் வந்தன. நானும் ஆசிரியர் அறையில் பேசத் தொடங்கியிருந்தேன்.

4. பெற்றோர் கவனத்திற்கு

இங்கிலாந்தின் பாலர் கல்விச் சட்டகம், வேறு வீட்டுமொழியுள்ள பிள்ளைகள் அம்மொழியை விளையாட்டிலும் கற்றலிலும் பயன்படுத்த வாய்ப்பளிக்க வேண்டுமென்று கூறுகின்றது. பாடசாலை இடமளிக்கும் தமிழுக்கு நம் வீட்டில் இடமில்லாது போகலாமா?

தமிழில் கதை சொல்லுங்கள். சமைக்கும்போது பொருள்களின் பெயரையும் நிறத்தையும் எண்ணிக்கையையும் சொல்லுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் விடை தந்தாலும் கடிந்துகொள்ளாது நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். பிள்ளை பேசாதிருப்பின் வகுப்பாசிரியரிடம், "வீட்டில் தமிழில் நன்கு பேசுகிறான்" என்றோ, "தமிழிலும் பேசத் தயங்குகிறான்" என்றோ உண்மையைக் கூறுங்கள். தமிழிலும் பேச்சுத் தாமதமாயின் பேச்சுச் சிகிச்சையாளரின் உதவி வேண்டும், அதனை மறைத்தலாகாது.

மாணவச் செல்வங்களே, உங்கள் வகுப்பிற்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்து பேசாதிருந்தால் அவனை எள்ளாதீர்கள். அருகில் அமர்ந்து விளையாடுங்கள். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். நேரம் வரும்போது பேசுவான்.